ஊக்கி என்றாலே பழுக்க வைப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழங்களில் ஹார்மோன் தெளிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறுவடைக்கு முன் மரத்தில் அடிக்கும் ஜிப்ரலிக் அமிலம் என்ற ஹார்மோனையும், பறித்த காயை அவசரமாக மஞ்சளாக்கும் கார்பைடு கல்லையும் ஒரே பத்தியில் போட்டுவிட்டீர்கள். கல் காயைப் பழுக்கச் சொல்லி விரட்டுவது. ஜிப்ரலிக் அதற்கு நேர் எதிர். இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இத்தகைய ஹார்மோன்களுக்கு வைத்த 'வளர்ச்சி ஊக்கி' என்ற பெயர்தான். என் ஆரஞ்சு மரங்களில் நான் அடிக்கும் ஜிப்ரலிக் எதையும் ஊக்குவதில்லை. பழத்தோலுக்கு வயதாவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

அளவும் சொற்பம். 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், மிஞ்சிப்போனால் 2 கிராம். அதாவது 10 முதல் 20 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 10 முதல் 20 பங்கு). பொடி தண்ணீரில் லேசில் கரையாது. கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்துக்கொண்டுதான் டேங்கில் ஊற்ற வேண்டும்.

ஆனால் அடிக்கும் நாள் தவறினால் எல்லாம் வீண். காய் நிறம் திரும்பச் சற்று முன்னால் அடிக்க வேண்டும் என்று தெரிந்து, முதல் வருடம் தோட்டம் முழுக்க அடித்துவிட்டேன். முதலில் பறிக்க வேண்டிய மரங்களும் அதில் அகப்பட்டன. உள்ளே சுளை இனிக்கிறது, வெளியே தோல் பச்சை. வாங்க வந்தவர் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்து, "என்னங்க, இன்னும் காயா இருக்கே" என்று கூடையிலேயே போட்டுவிட்டார். அடுத்த வருடம் உஷாராகிறேன் என்று நாளைத் தள்ளினேன். மரம் பூவுக்குத் தயாராகும் சமயத்தில் போய் அடித்தால் என்ன ஆகும்? அதற்கடுத்த பருவத்தில் பூ பாதிகூட இல்லை.

இப்போது கடைசியில் பறிக்கும் மரங்களுக்கு மட்டும் அடையாளமாகத் துணிப்பட்டை கட்டி வைத்து அடிக்கிறேன். பருவ முடிவில், அடிக்காத மரத்துப் பழத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் தோல் தொளதொளவென்று உள்ளே போகிறது. அடித்த மரத்துப் பழம் விரலை எதிர்த்து நிற்கிறது. அதற்காகப் பறிப்பதில் அசட்டையாக இருக்க முடியாது. காம்பை நீளமாக விட்டால் அது பக்கத்துப் பழத்தைக் குத்தும்; குத்திய இடத்தில் பச்சைப் பூசணம் ஏறும். அதை இந்த மருந்து தடுக்காது.

வாசகர்களின் பயத்தையும் நான் குறை சொல்லவில்லை. ஆப்பிள் முன்கூட்டியே உதிராமல், கெட்டியாக இருக்க அடித்துவந்த டாமினோசைடு, புற்றுநோய் அச்சத்தால் 1989-இல் அமெரிக்காவில் உணவுப் பயிர்களுக்கான விற்பனையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அதனால்தான் கேட்கிறேன்: அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது 'ஹார்மோன்' என்று பொதுவாகப் போடாமல், எந்த மருந்து, எப்போது அடித்தது, மரத்திலா பறித்த பிறகா என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆரஞ்சுத் தோட்டக்காரன்