முதல் 5 ஆல்பங்களை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆர்.ஈ.எம். ராக் குழுவைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு 2003-ல் வந்த ‘இன் டைம்’ தொகுப்பைப் பரிந்துரைத்திருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1983-ல் ‘மர்மர்’ தொடங்கி அவர்கள் போட்ட முதல் 5 ஆல்பங்களின் பாட்டு எதுவும் அதன் 18 பாட்டுகளில் கிடையாது. அந்தக் குழுவை வளர்த்ததே அந்த வருஷங்கள்தான்!

‘லூசிங் மை ரிலிஜன்’ பாட்டு அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. குழுவின் கிதார் கலைஞர் பீட்டர் பக் மேண்டலினில் அதைத் தொடங்குவார். என் பட்டறைக்குத் தவில் வார் மாற்ற வந்த வித்வான் ஒருவர், பேச்சைப் பாதியில் நிறுத்தி, “இன்னொரு தரம் போடுங்க தம்பி” என்றார். ஆனால் பீட்டர் பக்கின் கிதாரை ஆரம்ப ஆல்பங்களில்தான் கேட்கணும்.

குழு கலைந்த 2011-ல் வந்த 40 பாட்டுத் தொகுப்பு 1982-லிருந்தே தொடங்குகிறது. அதைப் பற்றியும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாத்தியம் பழுதுபார்க்கும் ஒரு வாசகர்,
கும்பகோணம்.