2024–2025 ஆண்டறிக்கை: செயலாளரிடமிருந்து (கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் வாசியுங்கள்)

இங்கிலாந்தில் இயங்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், போசகர்கள், நிர்வாக சபையினர், சந்தா கட்டிய அங்கத்தவர்கள், இன்னும் கட்டாத அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம். யாப்பின்படி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் அறிக்கை வாசிக்க வேண்டும். போன வருடம் நான் வாசித்தபோது பாதிப் பேர் கார் பார்க்கில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபடியால், இந்த முறை முன்கூட்டியே எழுதி அனுப்புகிறேன்.

வழமையானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மே 18 நினைவேந்தல் மண்டபத்தில் நடந்தது. கோடைகால விளையாட்டுப் போட்டி மழையால் மத்தியானத்தோடு முடிந்தது. வாணிவிழா நடந்தது. பொங்கல் விழாவுக்கு நல்ல கூட்டம், சாப்பாடு முடிந்ததும் கூட்டமும் முடிந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் தடையின்றி நடந்தன. நிர்வாக சபைக் கூட்டங்கள் கோரம் (தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) சேர்ந்த மாதங்களில் நடந்தன.

இனி, கவுன்சில் காசில் நாங்கள் நடத்தும் இளையோர் வேலைத்திட்டம். இதைப்பற்றி வட்ஸ்அப்பில் நிறையக் கதை அடிபடுகிறது, செயலாளர் சங்கத்தைக் கவுன்சிலுக்கு விற்றுப்போட்டார் என்றுகூட ஒருவர் எழுதியிருந்தார், ஆனபடியால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 13 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு (கற்றல் குறைபாடு உள்ளவர்கள் என்றால் 24 வரை) பள்ளி நேரத்துக்கு வெளியே போதுமான செயற்பாடுகள் கிடைக்கச் செய்வது உள்ளூர் கவுன்சிலின் (உள்ளூராட்சி மன்றத்தின்) கடமை. 1996 கல்விச் சட்டத்தில் 507பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதே பிரிவில் 'நடைமுறைக்குச் சாத்தியமான அளவுக்கு' என்று ஒரு ஓட்டையும் வைத்திருக்கிறார்கள், காசில்லாத கவுன்சில்கள் எல்லாம் அதற்குள்ளால்தான் வெளியே போகின்றன. 2010க்குப் பிறகு இளையோர் சேவைகளுக்கான கவுன்சில் செலவு, விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால், 70 வீதத்துக்கும் மேல் விழுந்துவிட்டது. எங்கள் பகுதியில் இருந்த யூத் கிளப் பூட்டுப்பட்டு இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் போய்வந்த நாஷனல் சிட்டிசன் சேர்விஸ் என்ற அரச இளையோர் திட்டமும் 2025 மார்ச்சோடு முடிந்துபோனது.

மிச்சம் இருப்பதைக் கவுன்சில் இப்போது தானாக நடத்துவது குறைவு. இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இன்ன வேலை செய்ய வேண்டும் என்று எழுதி ரெண்டர் (கேள்விமனு) போடும், பெரிய தொண்டு நிறுவனம் ஒன்று அதை எடுக்கும், எடுத்ததை எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும். அப்படி வந்த ஒரு துண்டுதான் எங்களுடையது. வாரத்தில் இரண்டு மாலை மண்டபத்தைத் திறந்து இளையோர் நிகழ்ச்சி நடத்துவது, தனியாகக் கதைக்க விரும்பும் பிள்ளைக்கு ஒரு தகுதியான ஆளை வைத்திருப்பது, அவ்வளவுதான். பயிற்றுநர்களையும் ஆலோசகரையும் நாங்களே தேடிப்பிடித்து ஒப்பந்தம் செய்ய வேண்டும். சங்கம் இன்னும் உங்களுடையதுதான், பயப்படாதீர்கள்.

'தமிழுக்குத் தொடங்கின சங்கத்துக்கு இது எதற்கு' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2000களின் தொடக்கத்தில் லண்டன் தமிழ்ப் பெடியளுக்குள் நடந்த வெட்டுக்குத்து எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது எல்லாச் சங்கமும் கண்டன அறிக்கை விட்டது. பெடியள் பின்னேரம் ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிவரை எங்கே நிற்கிறார்கள் என்று எத்தனை சங்கம் கேட்டது? அப்பா இரண்டு வேலை, அம்மா கடையில், வீட்டில் அறை இல்லை. இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை, அப்பாவின் இரண்டாவது வேலை டெலிவரியாக மாறியிருக்கிறது.

வேலை கிடைத்தபின் கடதாசி வேலை. பிள்ளைகள் பாதுகாப்புக் கொள்கை, அதற்குப் பொறுப்பான ஒரு ஆள், காப்புறுதி, தரவுப் பாதுகாப்பு, பிறகு தொண்டர் ஒவ்வொருவருக்கும் டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிப் பரிசோதனை. தொண்டர்களுக்கு டிபிஎஸ் கட்டணம் கிடையாது. பாஸ்போட், முகவரி அத்தாட்சி உட்பட மூன்று ஆவணங்களைக் கொண்டுவந்து காட்டினால் போதும். இதைக் கேட்டதற்கு 'எங்களையே சந்தேகப்படுகிறாயா' என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் இல்லை ஐயா, யாராக இருந்தாலும் அதுதான் ஒழுங்கு. தலைவரும் எடுத்தார், நானும் எடுத்தேன், குசினியில் நின்று பிள்ளைகளோடு றோல்ஸ் சுற்றும் அன்ரியும் எடுத்தார். அவர்தான் எல்லோருக்கும் முதல் எடுத்தவர்.

என்னென்ன நடத்துவது என்று தீர்மானிக்கப் பிள்ளைகளையே ஒரு குழுவாக வைத்தோம். இது என் பிடிவாதம், ஒத்துக்கொள்கிறேன், இதற்காகத்தான் நிர்வாக சபையில் எனக்கு அதிகம் பேச்சு விழுந்தது. பெரியவர்களின் பட்டியலில் மிருதங்கம், கணித ரியூசன், பேச்சுப்போட்டிப் பயிற்சி. பிள்ளைகளின் பட்டியலில் பட்மின்ரன், பாட்டு ஒலிப்பதிவு, பல்கலைக்கழகம் போய்த் தனியே இருக்கச் சமையல், பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு மணித்தியாலம், அப்புறம் யாரும் கேள்வி கேட்காத ஒரு அமைதியான அறை. ஜீசிஎஸ்ஈ (பதினாறு வயதில் எழுதும் பொதுப் பரீட்சை) எடுக்கும் பிள்ளை, இரண்டு தம்பிகளோடு ஒரே அறையில் படுக்கிறவள், அந்த அறையைத்தான் முதலில் கேட்டாள். நாங்கள் யாரும் அதை யோசிக்கவே இல்லை. மேல்மாடியில் பழைய கதிரைகளும் கிழிந்த பனரும் அடுக்கி வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தோம். இன்றைக்கு மண்டபத்திலேயே அதிகம் பாவிக்கப்படும் இடம் அதுதான், மே ஜூன் பரீட்சைக் காலத்தில் இருக்க இடமில்லை.

பயிற்றுநர்களைத் தெரிவு செய்ய நேர்முகம் வைத்தபோதும் பிள்ளைகள் புள்ளி போட்டார்கள். ஒருவர் கோட் சூட்டோடு வந்தார், பளபளவென்று அச்சடித்த புத்தகம் கொண்டுவந்தார், முழு நேரமும் தலைவரைப் பார்த்தே கதைத்தார். பிள்ளைகள் அவருக்குத்தான் ஆகக் குறைந்த புள்ளி போட்டார்கள். காரணம் கேட்டேன், 'எங்கட பேரைக்கூட அவர் கேக்கேல்ல அங்கிள்' என்றான் ஒரு பெடியன். பெரியவர்கள் சிலர் முடிவை மாற்றச் சொன்னார்கள், நான் மாற்றவில்லை. பிள்ளைகளைக் கேட்டுவிட்டு அவர்கள் சொன்னதைத் தூக்கிப் போட்டால் அடுத்த முறை அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அவர்கள் தெரிவு செய்த பயிற்றுநர் மண்டபத்துக்கு வரும் வழியில் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் பெடியளையும் கூட்டிக்கொண்டு வருகிறார். இந்தத் தகுதி எந்த விண்ணப்பப் படிவத்திலும் இல்லை.

அந்தப் பஸ் தரிப்பிடப் பெடியளில் எல்லோரும் தமிழர் இல்லை. சோமாலியர், குஜராத்திகள், ருமேனியர் இருக்கிறார்கள். ஒப்பந்தப்படி இந்தப் பகுதியில் உள்ள எந்தப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்க வேண்டும், பொதுக்காசு என்றால் அப்படித்தான். 'எங்கட மண்டபத்தில ஆர் ஆரோ வருகினம்' என்று முறையிட்டவர்கள் ஒரு மாலை வந்து பார்த்திருக்கலாம். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவர்களோடுதான் இருக்கிறார்கள், சண்டை பிடித்தாலும் அவர்களோடுதான் பிடிக்கிறார்கள். கொத்து ரொட்டி போட்ட நாளில் சோமாலியப் பெடியன் ஒருவன்தான் தகரத்தில் தாளம் தட்டினான், எங்கள் பிள்ளைகளைவிட நன்றாக.

ஆலோசகர் விடயம் மெதுவாகத்தான் நகர்ந்தது. கதவில் பெயர்ப்பலகை போட்டு அறை கொடுத்தோம், ஒருவரும் உள்ளே போகவில்லை. போனால் நாளைக்கு அம்மாவின் காதுக்கு வந்துவிடும் என்ற பயம். பிறகு அவரே குசினியில் வந்து நின்று வெங்காயம் வெட்டத் தொடங்கினார், அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் வாய் திறந்தார்கள். பெற்றோர் சிலர் எனக்குப் போன் பண்ணி 'என்ர பிள்ளை என்ன சொன்னது' என்று கேட்கிறார்கள். பிள்ளையின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் உரிய இடத்துக்கு அறிவிப்போம். மற்றபடி ஆலோசகர் எனக்கே சொல்ல மாட்டார், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அரச மனநல சேவைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் எங்களுக்குள்ளேயே இருக்கின்றன. அந்த இடைவெளியில் பிள்ளைக்கு யாரோடாவது கதைக்க வேண்டும் என்றால் சைல்ட்லைன் 0800 1111, பெரியவர்களுக்கும் சமாரிட்டன்ஸ் 116 123, இரண்டும் இலவசம், இரவு பகல் எந்நேரமும். அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறது, யாரோ அதன்மேல் பரதநாட்டிய அரங்கேற்ற நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், கழற்றிவிட்டேன்.

மேற்பார்வைக்கு வந்த உத்தியோகத்தரோடு ஒரு வாக்குவாதம் நடந்தது, அதையும் பதிவில் போட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் சேரும்போது ஒரு தாள் நிரப்ப வேண்டும்: தன்னம்பிக்கை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு, சந்தோஷம் எவ்வளவு என்று. மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் அதே தாள். முதல் நாள் எங்கள் பெடியள் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார்கள், புது ஆட்களுக்கு முன்னால் வேறென்ன போடுவார்கள்? மூன்று மாதத்தில் ஆட்களைப் பழகி, நம்பி, உண்மையைப் போட்டார்கள், மூன்று, இரண்டு. தாளைப் பார்த்தால் எங்களிடம் வந்து பிள்ளைகளின் தன்னம்பிக்கை குறைந்துவிட்டது! விளங்கப்படுத்தினேன், அவருக்கும் விளங்கியது, ஆனால் அவருடைய கணனியில் அதை எழுத இடம் இல்லையாம். நல்ல பெயரும் கொஞ்சம் வந்தது: இளையோருக்கான டியூக் ஒஃப் எடின்பரோ வெண்கல விருதுக்குப் போகும் பிள்ளைகள் சிலர் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவுவதையே தொண்டுப் பகுதியாகச் செய்கிறார்கள். வகுப்புக்குத் தமிழ் ஆசிரியர் கிடைக்கவில்லை என்று அழுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

இனிக் காசு. இந்த ஒப்பந்தத்தில் முதலில் செலவழிக்க வேண்டும், காலாண்டு முடிந்து பில் போட்டபிறகுதான் காசு வரும். 30 நாளுக்குள் தரவேண்டும் என்பது சட்டம், எங்களைப் போல துணை ஒப்பந்தம் எடுத்தவர்களுக்கும் அதே கணக்கு. நடைமுறையில் ஓடர் இலக்கம் இல்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள், இலக்கத்தைத் தர வேண்டியவர்களே அவர்கள்தான். பயிற்றுநருக்கும் ஆலோசகருக்கும் 'கவுன்சில் காசு வரட்டும்' என்று சொல்ல முடியாது. பொருளாளர் தன் கைக்காசைப் போட்டுச் சமாளித்தார், பிறகு எடுத்துக்கொண்டார், ரசீதுகள் இருக்கின்றன, பார்க்க விரும்புகிறவர்கள் அவர் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம். மொத்த வரவு செலவு அவருடைய அறிக்கையில் வரும். சுருக்கமாகச் சொன்னால் இளையோர் திட்டம் தன்னைத் தானே தாங்கியது, விழாக்கள் வழமைபோல் கொஞ்சம் கையைக் கடித்தன, கையிருப்பு போன வருடத்தைவிடச் சற்றுக் குறைவு.

குறைவுக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். குடும்பச் சந்தா வருடத்துக்கு 40 பவுண், வாரத்துக்கு ஒரு பவுண்கூட இல்லை. பதிவில் உள்ள குடும்பங்களில் பாதிக்கு மேல் கட்டவில்லை. பெயர் சொல்லப் போவதில்லை, ஆனால் பொங்கலுக்கு முன்வரிசையில் இருந்தவர்களில் பலர் இருக்கிறார்கள். காசைவிட ஆள் இல்லாததுதான் எனக்குப் பெரிய மனக்குறை. மாலை நிகழ்ச்சிக்குப் பெரியவர்கள் முறைபோட்டு நிற்பதாகப் போன பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தினார்கள். அந்தப் பட்டியல் என்னிடம் இருக்கிறது. கடைசியில் அதே நாலைந்து பேர்தான் மாறி மாறி வந்தார்கள், அதில் இருவர் ஓய்வூதியம் எடுப்பவர்கள், ஒருவர் இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்தவர். கை உயர்த்திய மற்றவர்கள் குளிரென்று சொன்னார்கள்.

நன்றிகள். தலைவருக்கும், எங்களுக்குள் நடந்த கருத்து வேறுபாடுகளைப் பொறுத்தருளியதற்காக. பொருளாளருக்கும், கணக்குப் பரிசோதகருக்கும், தமிழ் ஆசிரியர்களுக்கும், விழாக்களுக்கு உதவிய வர்த்தக நிறுவனங்களுக்கும், ஒலி ஒளி தந்தவர்களுக்கும். குசினி அன்ரிக்குத் தனியாக.

அடுத்த வருடம். ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருடம் நீட்ட விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள், இந்த மாத முடிவுக்குள் பதில் போக வேண்டும். ஓம் என்று எழுத எனக்கு விருப்பம்தான். ஆனால் மூன்று மாதச் செலவைத் தாங்கும் காசு கையில் இருக்க வேண்டும், டிபிஎஸ் எடுத்த பெரியவர்கள் இன்னும் ஆறு பேராவது வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிவிட்டு மேல்மாடி அறைக்குள் கதிரைகளைத் திரும்ப அடுக்கலாம். பிள்ளைகளிடம் அதைச் சொல்கிற வேலையை மட்டும் என்னிடம் தராதீர்கள். வரி கட்டுகிற எவராவது 100 பவுண் நன்கொடை தந்து கிப்ட் எய்ட் படிவத்தில் கையொப்பமும் வைத்தால் அரசு இன்னும் 25 பவுண் சேர்த்துத் தரும், உங்களுக்கு மேலதிகச் செலவு ஒன்றும் இல்லை. ஸ்டாண்டிங் ஓடர் படிவமும் அதுவும் வாசலில் வைத்திருப்போம்.

செயலாளர் பதவிக்கும் விண்ணப்பங்கள் கோரப்பட்டிருக்கின்றன. இதுவரை ஒன்றும் வரவில்லை. வட்ஸ்அப்பில் நீளமாக எழுதும் திறமை உள்ளவர்கள் முன்வந்தால் திறப்பை அன்றைக்கே கையில் தருகிறேன்.

பொதுக்கூட்டத்தில் 'ஏனைய விடயங்கள்' வரும்வரை காத்திருந்து கேள்வி கேட்க இருப்பவர்கள் கேள்வியை இப்போதே எனக்கு அனுப்பலாம், பதிலோடு வருவேன். அனுப்பும்போது கடைசியாகச் சந்தா கட்டிய திகதியையும் எழுதிவிடுங்கள், பொருளாளருக்கு வேலை மிச்சம்.

செயலாளர்
நிர்வாக சபைக்காக