"லேசான காயத்துடன் உயிர் தப்பினார்"னு எழுதுறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல பைக் ஆக்சிடென்ட் நியூஸ் வராத நாளே கிடையாது. அதுல கடைசி வரி பாதி நாள் "உடன் வந்தவர் லேசான காயத்துடன் உயிர் தப்பினார்"னு தான் இருக்கும். அந்த ஒரு வரிய பத்தி தான் இந்த லெட்டர் எழுதுறேன். நான் விழுப்புரம் பக்கத்துல 19 வருஷமா மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், வாரத்துக்கு ரெண்டு பேராவது கைகால்ல சிராய்ப்போட நேரா கடைக்கு வந்து "அண்ணே வண்டில இருந்து விழுந்துட்டேன், வலிக்கு ஏதாவது கொடுங்க"னு கேப்பாங்க, தலை அடிபட்டுச்சான்னு கேட்டா "லேசா தான்ணே"னு சொல்லிட்டு போயிருவாங்க.

போன வருஷம் அப்படி விழுந்தது எங்க அப்பா. 71 வயசு, ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சவரு, ரத்தம் கட்டாம இருக்க தினமும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் போடுறவரு. நாய் குறுக்க வந்து டிவிஎஸ் எக்ஸ்எல்ல இருந்து சாஞ்சுட்டாரு, ஹெல்மெட் இல்ல, நெத்தில சின்ன வீக்கம். பக்கத்து கிளினிக்ல டிடி ஊசி போட்டு கட்டு கட்டி அனுப்பிட்டாங்க, தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்க சொல்லல, நானும் கேக்கல. மாத்திரை என்ன சாப்பிடுறாருன்னு அங்க யாரும் கேக்கல, எனக்கு தெரிஞ்சும் நான் வாய தொறந்து சொல்லல, அது இன்னிக்கும் மனச அறுக்குது.

அஞ்சு வாரம் நல்லா தான் இருந்தாரு. அப்புறம் டம்ளர் கைநழுவி விழுந்துச்சு, செருப்பு ஒரு கால்ல மட்டும் கழண்டுகிட்டே இருந்துச்சு, சாயங்காலமானா பேரப்புள்ள பேரு மறந்துருச்சு. வயசாயிருச்சுன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். ஒருநாள் காலைல எழுப்ப எழுப்ப எந்திரிக்கல, தூக்கிட்டு ஓடினா சிடில மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவுல ஒரு பக்கம் பூரா பழைய ரத்தம்.

டாக்டர் படத்த காட்டி சொன்னத அப்படியே சொல்றேன். வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும், அதனால மூளைக்கும் அதுக்கு மேல இருக்குற உறைக்கும் நடுவுல போற சின்ன ரத்தக்குழாய்ங்க இழுபட்டு நிக்கும், சின்ன அடியிலயே அது அறுந்து சொட்டு சொட்டா ரத்தம் சேரும், வாரக்கணக்குல சேர்ந்து சேர்ந்து மூளைய அமுக்கும். ரத்தம் உறையாத மாத்திரை போடுறவங்களுக்கு இன்னும் ரிஸ்க். அப்பாவுக்கு மண்டைல ஓட்டை போட்டு ரத்தத்த எடுத்துட்டு ரெண்டு நாள் ட்யூப் வச்சிருந்தாங்க. அந்த ட்யூப் எதுக்குன்னு கேட்டேன், 2009ல இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல ஒரு ஆராய்ச்சி நடந்துச்சாம், ட்யூப் வைக்காதவங்கள்ல 24 சதவீதம் பேருக்கு திரும்ப ரத்தம் சேர்ந்து மறுபடி ஆபரேஷன், ட்யூப் வச்சவங்கள்ல அது 9 சதவீதம் தான்.

நான் மருந்துக்காரன் புத்தில டெக்ஸா, அதாவது டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை, கொடுத்தா ரத்தக்கட்டு கரையாதான்னு கேட்டேன். அதையும் பிரிட்டன்ல 748 பேர வச்சு பாத்துட்டாங்க, 2020ல ரிசல்ட் வந்துச்சு, டெக்ஸா சாப்பிட்டவங்கள்ல ஆறு மாசம் கழிச்சு நல்லபடியா இருந்தவங்க, சாப்பிடாதவங்கள விட கம்மி. நம்ம ஊர்ல எதுக்கெடுத்தாலும் டெக்ஸா கேக்குற ஜனங்க இத தெரிஞ்சிக்கணும். அப்பா இப்போ நடக்குறாரு, பேப்பர் படிக்கிறாரு.

சின்ன வயசுக்காரங்களுக்கு இது வேற மாதிரி, ரொம்ப வேகமா வரும். காதுக்கு மேல பொட்டு எலும்பு மெல்லிசு, அதுக்கு உள்பக்கமா ஒரு ரத்தக்குழாய் ஓடுது, எலும்பு விரிசல் விட்டா அது கிழியும். பையன் எந்திரிச்சு உக்காந்து டீ குடிப்பான், வீட்டுக்கு போன் பேசுவான், சில மணி நேரத்துல தலைவலி, வாந்தி, அப்புறம் நினைவே போயிரும். குடிச்சிருந்தா இன்னும் மோசம், போதைல தூங்குறான்னு படுக்க வச்சிருவாங்க. 1975லயே கிளாஸ்கோ டாக்டர்ங்க, அடிபட்டப்புறம் நல்லா பேசிட்டு இருந்து அப்புறம் செத்தவங்கள மட்டும் தனியா எடுத்து ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, பெரும்பாலானவங்க மண்டைக்குள்ள ரத்தக்கட்டு. பேசுறான்ல அப்புறம் என்னன்னு நாம விடுறோம் பாருங்க, அதுக்கு இத்தன வருஷம் முன்னாடியே பதில் வந்துருச்சு.

வயித்துலயும் இதே கதை தான், ஹேண்டில்பார் குத்தி மண்ணீரல் கிழிஞ்சவங்களுக்கு இடது தோள்பட்டை வலிக்கும், சுளுக்குன்னு தைலம் வாங்க வருவாங்க.

2021 டிசம்பர் 18ல மேல்மருவத்தூர்ல ஆரம்பிச்ச நம்மைக் காக்கும் 48 திட்டத்துல முதல் 48 மணி நேரத்துக்கு சிகிச்சை இலவசம், எந்த ஊர்க்காரரா இருந்தாலும் சரி. நல்ல திட்டம், மனசார சொல்றேன். ஆனா "ஒண்ணும் இல்ல"ன்னு வீட்டுக்கு போறவனுக்கு அந்த 48 மணி நேரம் வீட்லயே முடிஞ்சிருது. முதல் நாளே ஜிஎச் போய் ஏஆர் என்ட்ரி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டுல பதிவு) போட்டிருந்தா, பின்னாடி ஏதாவது வந்தா இது ஆக்சிடென்ட்னால தான்னு காட்ட ஒரு பேப்பராவது இருக்கும். எங்ககிட்ட அதுவும் இல்ல, இன்சூரன்ஸ்காரங்க கேட்டதும் முழிச்சோம்.

அதனால நான் கேக்குறது ஒண்ணு தான் சார். விபத்து நியூஸ் போடுறப்போ கீழ சின்னதா ஒரு கட்டம் போடுங்க. தலைல அடிபட்டு கொஞ்ச நேரம் நினைவு தப்புனவங்க, நடந்தது மறந்துபோனவங்க, 65 வயசு ஆனவங்க, ரெண்டு தடவ வாந்தி எடுத்தவங்க, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறவங்க அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு போகணும், சிடி வேணுமான்னு டாக்டர்கிட்ட கேக்கணும், ரெண்டு மாசம் வரைக்கும் நடை, பேச்சு, ஞாபகத்துல மாத்தம் தெரிஞ்சா ஆக்சிடென்ட் நடந்தத மறக்காம சொல்லணும். இதையே அட்டைல எழுதி என் கடை கவுன்ட்டர்ல ஒட்டியிருக்கேன், ஆனா என் கடைக்கு வர்றவங்க தான் அத படிப்பாங்க, உங்க பேப்பர் டீக்கடைக்கு டீக்கடை போகுது.

இப்படிக்கு,
மெடிக்கல் ஷாப் வச்சிருக்கும் உங்க வாசகர்,
விழுப்புரம் மாவட்டம்