தம்பிக்கு, 6174 பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வெள்ளச்சி கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள். சீம்பால் காய்ச்சும்போது அம்மா உன்னை நினைத்துக்கொண்டாள். நேரத்துக்குச் சாப்பிடு. பொங்கலுக்கும் நீ வரவில்லை. போன் செய்தால் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். சரி, நான் எழுத உட்கார்ந்தது 6174 பற்றி.

உனக்குத் தெரிந்ததுதான். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழிக்க வேண்டும். வந்த விடையை மறுபடியும் அதேபோல். 1111 மாதிரி எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஏழு தடவைக்குள் 6174 வந்து நின்றுவிடும். அப்புறம் நகராது. 7641-இல் 1467 போனால் அதே 6174.

இதைக் கண்டுபிடித்த காப்ரேக்கர் நீ இருக்கும் புனேயில், பெர்குசன் கல்லூரியில் படித்தவர். நாசிக் பக்கம் தேவ்லாலியில் 1962 வரை பள்ளிக்கூட வாத்தியார். 1949-இல் நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் இதைச் சொன்னார். விளையாட்டுக் கணக்கு என்று பெரியவர்கள் ஒதுக்கினார்கள். 1975-இல் அமெரிக்காவில் கணிதப் புதிர்கள் எழுதும் மார்ட்டின் கார்ட்னர் இவரைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது. அப்போது அவருக்கு வயது 70. 6174-இன் இலக்கங்களைக் கூட்டினால் 18. பதினெட்டால் மீதியில்லாமல் வகுபடும், ஈவு 343, ஏழின் கனம். அப்படித் தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு ஹர்ஷத், மகிழ்ச்சி தருவது, என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

அவரும் வாத்தியார், நானும் வாத்தியார். நீ எட்டாம் வகுப்பு, அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி. நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டி, "அப்பா, உங்க வருஷமும் என் வருஷமும் ஒண்ணாயிடுதுப்பா" என்றாய். பாடத்தில் இருக்கிறதா இது என்று கேட்டு, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். நீ அழவில்லை. அதற்குப் பிறகு ஒரு கணக்கையும் என்னிடம் கொண்டு வரவில்லை. முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தினவன், உன் தாளைப் படிக்கவே இல்லை.

போன வாரம் போட்டுப் பார்த்தேன். நான் பிறந்த 1961: 9611 கழித்தல் 1169, 8442. நீ பிறந்த 1994: 9941 கழித்தல் 1499, அதே 8442. அங்கிருந்து 5994, 5355, 1998, 8082, 8532, 6174. இரண்டு பேருக்கும் ஏழு தடவை. அதற்கு மேல் எந்த எண்ணுக்கும் ஆகாது. நீ சரியாகத்தான் போட்டிருக்கிறாய் தம்பி.

மாடியில் தளம் போட்டது உன் சம்பளத்தில்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். உன்னோடு வேலை பார்த்த பையனைப் பஸ்ஸில் பார்த்தேன். ஏதோ சொல்ல வந்தான், நான் மேலே கேட்கவில்லை. ராத்திரி கண் விழிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

இந்த மாதம் பணம் அனுப்பாதே, அடுத்த மாதமும் வேண்டாம். பென்ஷன் போதும். உன் அறையில் ஃபேன் மாற்றியிருக்கிறேன். அம்மா உன் கட்டிலுக்கு மெத்தையும் வெயிலில் போட்டு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா