உயரமான பாதைகளில் டயருக்குக் காற்று நிரப்புவோர் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். மலைப்பாதையில் காற்றைக் குறைத்து ஓட்டிவிட்டு மீண்டும் நிரப்பும்போது, கம்ப்ரெசர் (காற்று நிரப்பும் கருவி) பழுதாகிவிட்டதோ என்று பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் அதில் பழுது எதுவும் இருக்காது. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். பிஸ்டன் ஒவ்வொரு முறை இழுக்கும் காற்றும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். கீழே 5 நிமிடத்தில் நிரம்பும் டயருக்கு மேலே 8 நிமிடமாவது வேண்டும்.

நேரம் போனால் போகட்டும். சூடுதான் பெரிய தொல்லை. கருவி நெடுநேரம் ஓடுகிறது, மெலிந்த காற்றோ அதைச் சரியாகக் குளிர்விப்பதில்லை. சிலிண்டரை ஒட்டிய குழாய் இணைப்பில் கை வைக்க முடியாது, கையுறை அணியுங்கள். இரண்டு டயருக்கு ஒருமுறை ஆறவிடுங்கள். தானாக நின்றுபோனால், அதிகம் சூடானதும் கருவியை நிறுத்தும் வெப்பக் காப்பு வேலை செய்திருக்கலாம். சுவிட்சைத் தட்டிக்கொண்டே இராமல் பொறுத்திருங்கள்.

லாரி டயருக்கான பெரிய கம்ப்ரெசரை சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் ஃபியூஸ் போகும். பேட்டரியில் நேரடியாக கிளிப் மாட்டி, என்ஜினை ஓடவிடுங்கள்.

இன்னொன்று: அழுத்தமானி வெளிக்காற்றோடு ஒப்பிட்டே அளவு காட்டும். 4,000 மீட்டரில் 35 பி.எஸ்.ஐ. வைத்த டயர், வெப்பநிலை மாறாவிட்டால், கடல் மட்டத்தில் 30-க்குக் கீழே காட்டும். எனவே இறங்கியதும், டயர் ஆறிய பிறகு, நெடுஞ்சாலையில் ஏறுமுன் மீண்டும் அளந்து நிரப்புங்கள்.