செல்வத்துக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள செல்வம்,

ஆதி குப்புற விழுந்த வீடியோ பார்த்தேன். கழுத்து நன்றாக நிற்கிறது. இருமல் என்றாளே சுதா, தேவலையா? மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே இழுக்கிறதா என்று சட்டையைக் கழற்றிவிட்டுப் பார்.

உன் தங்கை மகள் யாழினிக்குத் தையல் பிரித்தாயிற்று. நுரையீரலில் வெறும் காற்றுக் கட்டியாக இருந்தபோதே எடுத்துவிட்டார்கள். கெட்டிப்பட்டிருந்தால் கதையே வேறு. நீ கேட்காமலே பணம் அனுப்பினாய். உன் தங்கை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாள். ஆனால் யாழினியின் ஜீன் ரிப்போர்ட்டை அனுப்பியதிலிருந்து உன்னிடமிருந்து நீல டிக் மட்டும்தான் வருகிறது.

அதில் மாறியிருப்பதாகப் போட்டிருக்கும் டைசர்1 என்ற ஜீனின் பெயர் பயமுறுத்துகிறதா? நான் ப்ளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்திய காலத்தில் ஆர்.என்.ஏ. என்றாலே புரதம் செய்யத்தான். புரதமே செய்யாத மைக்ரோ ஆர்.என்.ஏ.வை 1993-இல் ஒரு புழுவில் கண்டார்கள் அம்ப்ரோஸ், ருவ்குன் என்ற இரண்டு விஞ்ஞானிகள். 2024-இல் நோபல் கிடைத்தது. சுமார் 22 எழுத்து நீளம்தான். எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யலாம் என்று அடக்கிவைப்பது அது. நீளமான ஆர்.என்.ஏ.வை அந்த அளவுக்கு நறுக்கும் கத்திதான் டைசர். அது சரியாக நறுக்காவிட்டால், கருவில் உருவான செல் முதிர வேண்டிய நேரத்தில் முதிராமல் பெருகிக்கொண்டே போகும். நுரையீரல், சிறுநீரகம், சினைப்பை, தைராய்டு என்று பல இடங்களில் கட்டி வரலாம். குடும்பத்தில் தொடரும் இந்த நுரையீரல் கட்டிக்குக் காரணம் டைசர் என்று 2009-இல்தான் தெரிந்தது.

தைராய்டு என்றதுமே உனக்குப் புரிந்திருக்கும். கல்யாணத்துக்கு முன் எனக்குச் செய்த ஆபரேஷன். அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டேதான் நீ தூங்குவாய். யாழினிக்கு இருக்கும் அதே ஜீன் மாற்றம் எனக்கும் இருக்கிறதா என்று என் ரத்தத்தையும் கொடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. உன் தங்கையிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

இருந்தாலும் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை. அறுபது தாண்டி நான் உட்கார்ந்து எழுதுகிறேனே. ஆனால் நுரையீரலில் வருவது சின்ன வயதிலேயே வந்துவிடும். அதனால்தான் இந்த மாற்றம் உள்ள குழந்தைக்கு 3 முதல் 6 மாதத்துக்குள் நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். ஆதிக்கு ஐந்து மாதம் முடியப்போகிறது. சுதா வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று தயங்காதே. என் வழியாக வந்தது என்றே சொல்.

முதலில் நீ ரத்தம் கொடு. குழந்தைக்கு இப்போதே ஊசி வேண்டாம். உனக்கு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உனக்கு இல்லையென்றால் ஆதிக்கும் இல்லை, அதோடு விட்டது. ஜீனில் எந்த இடம் மாறியிருக்கிறது என்று யாழினி ரிப்போர்ட்டில் இருக்கிறது. அதைக் காட்டினால் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்ப்பார்கள். இந்த வாரமே போ, செல்வம். போய்விட்டு நீயே போன் பண்ணு, சுதாவை விட்டுப் பேசச் சொல்லாதே.

அம்மா