டீகப் பொமரேனியன் என்று ஓர் இனமே கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அடுக்குமாடி வீடுகளுக்கு ஏற்ற நாய்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பொமரேனியனுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பல வருடங்களாகப் பொமரேனியன் வளர்ப்பவள் என்பதால் ஆசையாகப் படித்தேன். ஆனால், உள்ளங்கையில் அடங்கும் ‘டீகப் பொமரேனியன்’ என்று ஒரு தனி வகை இருப்பதுபோல எழுதியதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. எந்த நாட்டின் கென்னல் கிளப் பதிவேட்டிலும் அப்படி ஓர் இனம் கிடையாது. அமெரிக்க கென்னல் கிளப் பொமரேனியனுக்குச் சொல்லும் எடை 3 முதல் 7 பவுண்டு, அதாவது சுமார் 1.4 முதல் 3.2 கிலோ. அதைவிடச் சிறியது என்று கூடுதல் விலைக்கு விற்பது பெரும்பாலும் ஈற்றில் நோஞ்சானாகப் பிறந்த குட்டி. இல்லாவிட்டால் பால்குடி மறக்கும் முன்பே தாயிடமிருந்து பிரித்து, வயதைக் கூட்டிச் சொல்லி விற்கிற குட்டி.

இந்த நாய் ஆதியிலிருந்தே இவ்வளவு சிறியதாக இருந்ததில்லை. பால்டிக் கடலோரத்தில், இன்று போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே பிரிந்து கிடக்கும் பொமரேனியாதான் அதற்குப் பெயர் தந்த ஊர். குளிர்நாடுகளில் பனிவண்டி இழுத்த, ஆடு காத்த ஸ்பிட்ஸ் நாய்களின் வழிவந்தது. ஜெர்மனியில் பிறந்து 1761ல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜை மணந்த ராணி ஷார்லட்டால் ஆங்கிலேய அரண்மனைக்குள் இந்த நாய்க்கு மவுசு வந்தது. அதே காலத்தில் ஓவியர் கெயின்ஸ்பரோ வரைந்த ஒரு தாயும் குட்டியும் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இன்றைய பொமரேனியனைவிட நன்றாகப் பெரிய நாய், முகமும் நீளம். உருவம் சிறுத்தது விக்டோரியா ராணியின் காலத்தில்தான். 1888ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போனவர் அங்கே மார்கோ என்ற நாயை வாங்கினார். எடை சுமார் 12 பவுண்டு. ராணியிடம் சின்ன நாய் இருக்கிறது என்றதும் எல்லோருக்கும் அதைவிடச் சின்னது வேண்டியிருந்தது. 1901 ஜனவரியில் அவர் இறக்கும் தறுவாயில் டூரி என்ற பொமரேனியனைத்தான் கட்டிலில் தன் பக்கத்தில் கொண்டுவந்து விடச் சொன்னாராம்.

நம் ஊரில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாசலில் வெள்ளை வெளேரென்று நின்று குரைத்ததையும் நாம் பொமரேனியன் என்றுதான் சொன்னோம். அவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். உருவத்தில் பெரியது, நம் வெயிலுக்குப் பழகியது, மிச்சம் மீதி சாதத்தைச் சாப்பிட்டே வளர்ந்தது. அந்த ஞாபகத்தில்தான் பலர் இப்போது வாங்கும் சின்னப் பொமரேனியனையும் வளர்க்கப் பார்க்கிறார்கள். அங்கேதான் சிக்கல்.

எங்கள் மாடிவீட்டில் அப்படி ஒரு குட்டி வந்தது. இரண்டு மாதம் முடிந்துவிட்டது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பல்லைப் பார்த்தால் அந்த வயது இல்லை. ஒரு நாள் காலையில் துணிபோலத் துவண்டு கிடந்தது. தலை ஆடுகிறது, கண் எங்கேயும் நிலைக்கவில்லை, ஈறு வெளுத்துப் போயிருக்கிறது. ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி. ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தது. இவ்வளவு சின்னக் குட்டியின் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. சில மணி நேரம் வயிறு காய்ந்தாலே மூளைக்குப் போதாமல் போய்விடும். ஈறில் துளித் தேனைத் தடவிவிட்டு உடனே டாக்டரிடம் ஓடினோம், பிழைத்தது. மூன்று நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்து உணவு கொடுக்க வேண்டும் என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. வாங்குபவர்களுக்கு இது தெரிந்தாலே பாதிக் கொடுமை நின்றுவிடும்.

வளர்ந்த பிறகும் கவனம் வேண்டும். மூச்சுக்குழாய் மெல்லியது, கழுத்துப்பட்டையில் சங்கிலி மாட்டி இழுத்தால் நசுங்கும். வறட்டு இருமல் ஆரம்பித்தால் லேசில் விடாது. மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ்தான் சரி. ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு தத்திவிட்டு, காலை உதறி, ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடுகிறதா? பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் முழங்கால் சில்லு விலகுவதன் அடையாளம் அது. சோபாவிலிருந்து குதிக்க விடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துகொண்டுதான் தூக்க வேண்டும்; இடுப்பளவு உயரத்திலிருந்து நழுவினாலே கால் எலும்பு முறியலாம். சாம்பார் சாதம் வேண்டவே வேண்டாம். வெங்காயம் எந்த நாய்க்கும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இரண்டு கிலோ நாய்க்குக் கொஞ்சமே போதும்.

கட்டுரையில் இன்னொன்றையும் திருத்த வேண்டும். கோடையில் முடியை ஒட்ட மழித்துவிடலாம் என்று இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். பொமரேனியனுக்கு முடி இரண்டு அடுக்கு. உள்ளே பஞ்சுபோல அடர்த்தி, வெளியே நீண்ட விறைப்பான முடி. இந்த வெளிமுடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. மழித்தால் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் முளைக்காது, சிலவற்றுக்குத் திட்டுத் திட்டாகத்தான் வரும். செய்ய வேண்டியது, முடியை விரலால் பிரித்துத் தோல் தெரியும்வரை சீவுவது, உதிர்ந்த உள்முடியை எடுத்துவிடுவது, அப்படியே காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பது. குளிப்பாட்டினால் உள்முடி வரை உலர்த்த வேண்டும். பகல் வெயிலில் வெளியே கூட்டிப்போக வேண்டாம், மின்விசிறிக்குக் கீழே தரையும் தண்ணீரும் இருந்தால் போதும்.

இது நல்ல துறுதுறுப்பான நாய். காவலுக்குக் குரைக்கும், வித்தைகளைச் சட்டென்று கற்றுக்கொள்ளும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 12 முதல் 16 வருடம் நம்மோடு இருக்கும். அடுத்த இதழிலேயே டீகப் பற்றியும் முடி மழிப்பது பற்றியும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். முடிந்தால் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, குட்டி வாங்கப் போகும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். பள்ளி விடுமுறை நெருங்குகிறது, நிறைய வீடுகளில் இப்போதுதான் குட்டி வாங்குவார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருச்சி